எரிக் லிடெல்: பெற்றதும் விட்டதும்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர், அவர் ஈட்டிய பொருளையும், அடைந்த பட்டங்களையும், பெற்ற வெற்றிகளையும் வரிசைப்படுத்திக் கூறுவது வழக்கம். பெற்றவற்றைக் கொண்டு ஒருவரை அளப்பது எளிது. ஆயினும் சிலருடைய வாழ்க்கையை அக்கோல் கொண்டு அளத்தல் இயலாது. கைக்கெட்டியவற்றுள் எவற்றை விட்டார், எந்நிலையில் விட்டார், யார்பொருட்டு விட்டார் என்று ஆராய்ந்தாலன்றி அன்னாருடைய பெருமை விளங்காது. அத்தகையோருள் ஒருவர் ஸ்காட்லாந்து தேசத்து விளையாட்டு வீரரும், சீனதேசத்து உபாத்தியாயரும், போதகருமாகிய எரிக் ஹென்றி லிடெல்.

நம் கலாசாலை மாணவருட் பலர், 1981ஆம் ஆண்டில் வெளிவந்து நான்கு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்னும் திரைப்படத்தின் வாயிலாக இவர் பெயரை அறிந்திருப்பர். ஞாயிற்றுக்கிழமையில் ஓட மறுத்தவர் என்ற அளவில் அவர்கள் அறிவு பெரும்பாலும் நின்றுவிடும். ஓட்டத்தில் புகழ் பெறுமுன் அவர் ரக்பி ஆட்டத்தில் தம் தேசத்தின் பிரதிநிதியாய் விளங்கினார் என்பதையும், ஞாயிற்றுக்கிழமை பற்றி அவர் கொண்டிருந்த நியமம் இருபது ஆண்டுகட்குப் பின் ஒரு சிறைமுகாமில் என்னவாயிற்று என்பதையும் அறிந்தோர் சிலரே. ஆதலின் அவர் சரித்திரத்தை முதலிலிருந்து முடிவுவரை சுருக்கமாக ஈண்டுக் கூறுவோம்.

இளமை

எரிக் லிடெல் 1902ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் சீனதேசத்தின் வடபாலுள்ள டியன்ட்ஸின் நகரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் டன்லப் லிடெல், லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் ஆங்கு ஊழியம் புரிந்தவர். இச்சங்கம் நமக்குப் புதியதன்று. நாகர்கோவில், நெய்யூர் முதலிய இடங்களில் பள்ளிகளையும் மருத்துவமனையையும் நிறுவித் தென்னாட்டில் நெடுங்காலம் பணியாற்றிய சங்கம் அதுவே. எரிக்கின் குழந்தைப் பருவம் ஸியாவ்சாங் என்னும் கிராமத்தில், கோதுமை வயல்களின் நடுவே கழிந்தது.

1908ஆம் ஆண்டில் அவரும் அவர் தமையனார் ராபர்ட்டும் இங்கிலாந்திலே மிஷனெரிமாரின் புதல்வர்க்கென்று ஏற்பட்ட விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். பின்னாளில் எல்தம் கல்லூரி எனப் பெயர் பெற்றது அப்பள்ளியே. பெற்றோர் சீனத்துக்குத் திரும்பினர். ஆறு வயதுச் சிறுவன் தாயைப் பிரிந்து, ஆண்டுக்கணக்கில் கடிதங்களாலேயே அன்பை அறிந்து வளர்ந்தான். பிரிவு என்னும் பாடத்தை எழுத்துப் பாடத்தோடு சேர்த்தே அவர் கற்றனர் எனல் மிகையாகாது. பேச்சிற் கூச்சமும், நடையில் அடக்கமும் உடையவராயிருந்த அவர், மைதானத்தில் இறங்கியவுடன் வேறொருவராய் மாறுவர். பள்ளியின் கிரிக்கெட் குழுவுக்கும் ரக்பிக் குழுவுக்கும் அவரே தலைவரானார்.

ரக்பி ஆட்டம்

1920ஆம் ஆண்டில் எடின்பரோ சர்வகலாசாலையில் விஞ்ஞானப் படிப்புக்குச் சேர்ந்த லிடெல், இரண்டாண்டு முற்றுப்பெறுமுன்னரே ஸ்காட்லாந்து தேசத்து ரக்பிக் குழுவில் இடம் பெற்றார்.

இவ்வாட்டத்தை நம்மவருட் பலர் நேரிற் கண்டிரார். கோழி முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிர்க்கட்சியாரின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்ற வேண்டும். அங்ஙனம் ஊன்றுவதற்கு 'ட்ரை' என்று பெயர். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பக்கவாட்டிலோ, பின்னாலோ வரும் தோழனுக்கே வழங்கலாம். பந்தேந்தி வருபவனை எதிரிகள் கட்டிப் பிடித்து வீழ்த்துவர். கட்சிக்குப் பதினைவர் ஆடுவது பழைய முறை. எழுவர் ஆடும் விரைவான முறையொன்றும் ஸ்காட்லாந்திலே மெல்ரோஸ் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டிற் பிறந்தது. லிடெல் தேசத்துக்காக ஆடியது பதினைவர் ஆட்டம். மைதானத்தின் ஓரத்தில் நின்று, பந்து கைக்கு வந்ததும் எல்லையை நோக்கிப் பறக்கும் 'விங்' என்னும் இடம் அவருடையது. உடல் பருமனில் அவர் சிறியவர். அவருடைய ஆயுதம் வேகமும் அஞ்சாமையுமே.

1922 ஜனவரி 2ஆம் நாள் பாரிஸ் நகரை அடுத்த கொலோம்ப் மைதானத்தில் பிரெஞ்சுக் குழுவுக்கு எதிராக அவர் முதன்முறை தேசத்துக்காக ஆடினார். ஆட்டம் 3க்கு 3 எனச் சமனாய் முடிந்தது. இரண்டரை ஆண்டுகட்குப் பின் தமக்கு உலகப் புகழ் தேடித்தரப்போகும் மைதானம் அதுவே என்பதை அன்று அவர் அறிந்திருக்க இயலாது.

1922, 1923 ஆகிய இரண்டு பருவங்களில் ஏழு முறை தேசத்தின் சார்பில் ஆடி நான்கு ட்ரைகள் எடுத்தார். ஏழு ஆட்டங்களுள் அவர் குழு தோற்றது ஒன்றிலேயாம். அவற்றுள் சிறந்தது 1923 பிப்ரவரியில் கார்டிஃப் நகரில் வேல்ஸ் தேசத்தாரை எதிர்த்து நிகழ்ந்தது. அம்மண்ணில் ஸ்காட்லாந்து 1890க்குப் பின் வென்றதேயில்லை. லிடெல் ஒரு ட்ரை எடுத்தார். ஆட்டம் முடியுந் தறுவாயில் அவர் தோழர் ஏ. எல். கிரேஸி மற்றொன்று எடுத்து 11க்கு 8 என வெற்றியை நிலைநாட்டினார். அடுத்த மாதம் இங்கிலாந்துக்கு எதிராக எடின்பரோவில் 8க்கு 6 எனத் தோற்றதே அவர் கண்ட ஒரே தோல்வி. அதுவே அவர் தேசத்துக்காக ஆடிய கடைசி ரக்பி ஆட்டமுமாயிற்று.

இருபத்தொரு வயது, தேசத்தின் முதற்குழுவில் நிலையான இடம், இன்னும் பல்லாண்டு ஆடத்தக்க உடல்: இவை யாவும் இருக்கவே ரக்பியை விட்டார். ஓட்டப் பயிற்சிக்கு அடிபடாத கால்கள் வேண்டும் என்பதே காரணம். ஒன்றை முற்றிலும் செய்தற்கு மற்றொன்றை முற்றிலும் விடல் வேண்டும் என்ற துணிவை இவ்விடத்தில் முதன்முறை காண்கிறோம்.

ஓட்டக்களம்

டாம் மக்கெர்ச்சர் என்னும் பயிற்சியாளரிடம் அவர் பயின்றார். அவர் ஓடும் விதம் யாவருக்கும் நகைப்பை விளைத்தது. தலை பின்னே சாயும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றாலையின் சிறகுகள்போற் சுழலும். ஆயினும் நகைத்தவர் கண்முன்னரே எல்லைக் கயிற்றை அவர் முதலில் தொட்டார். 1923 ஜூலையில் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் 100 கெஜத்தை 9.7 விநாடியில் ஓடினார். பிரிட்டிஷ் சாதனையாகிய அதனை முப்பத்தைந்து ஆண்டுகள் எவரும் முறியடிக்கவில்லை.

அதே மாதம் ஸ்டோக் நகரில் மூன்று தேசத்தாரிடையே நிகழ்ந்த போட்டியில் 440 கெஜ ஓட்டம் தொடங்கியவுடன் மற்றொருவர் இடித்ததால் அவர் களத்துக்கு வெளியே விழுந்தார். எழுவதற்குள் மற்றவர் இருபது கெஜ தூரம் முந்திவிட்டனர். பந்தயம் தமக்கு முடிந்ததோ என ஒரு கணம் ஐயுற்று நின்றவர், ஓடலாம் என்று அதிகாரிகள் சைகை காட்டக் கண்டதும் ஓடத் தொடங்கி, ஒவ்வொருவராகக் கடந்து, முதல்வராய் முடித்து, மயங்கி விழுந்தார்.

அவ்வாண்டு ஏப்ரலில் வேறொரு மாறுதலும் நிகழ்ந்திருந்தது. ஆர்மடேல் என்னும் தொழிற்பட்டினத்தில், சுவிசேஷக் கூட்டமொன்றில் பேச அவரை அழைத்தனர். மேடையேறக் கூசியவர் இசைந்தார். ரக்பி வீரரைக் காண வந்த தொழிலாளர் முன் தம் விசுவாசத்தை எளிய சொற்களில் எடுத்துரைத்தார். அன்றுமுதல் விளையாட்டும் போதனையும் அவர் வாழ்க்கையில் இணைந்தே சென்றன.

பாரிஸ், 1924

ஒலிம்பிக் போட்டிகள் 1924ஆம் ஆண்டு பாரிஸில் நிகழ்வதாயின. அவ்வாண்டுப் போட்டிகளுள் ரக்பியும் இருந்தது. ஆனால் பிரிட்டன் குழு அனுப்பவில்லை. அமெரிக்கா, பிரான்ஸ், ருமேனியா ஆகிய மூன்று தேசங்களே ஆடின. அதற்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து மறைந்த ரக்பி, 2016ஆம் ஆண்டில் எழுவர் ஆட்டமாகவே மீண்டும் இடம் பெற்றது.

லிடெலிடம் பிரிட்டன் எதிர்பார்த்தது 100 மீட்டர் ஓட்டத்திற் பொற்பதக்கத்தை. பந்தய அட்டவணை வெளியான போது, அவ்வோட்டத்தின் முதற்சுற்றுகள் ஜூலை 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நிகழும் எனத் தெரிந்தது. ஞாயிறு கர்த்தருடைய நாள், அதில் விளையாடுவதில்லை என்பது அவர் நியமம். திரைப்படத்திற் காட்டியபடி கப்பலேறும் வேளையில் அன்று, பல மாதங்கட்கு முன்னரே இதை அவர் அறிந்து, தாம் ஓடுவதற்கில்லை எனத் தெரிவித்துவிட்டார். இரண்டு தொடரோட்டங்களையும் அதே காரணத்தால் விட்டார். தேசத்துரோகி என்று ஏசியவரும் உண்டு. அவர் எவரோடும் வாதாடினாரில்லை. தம்மைப்போல் மற்றவரும் மறுக்க வேண்டும் என்று வற்புறுத்தினாருமில்லை. எஞ்சிய மாதங்களில் 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்குத் தம்மைத் தயார் செய்தார்.

100 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டனின் ஹெரால்டு ஏப்ரஹாம்ஸ் வென்றார். 200 மீட்டரில் லிடெல் மூன்றாமவராய் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஜூலை 11ஆம் நாள் 400 மீட்டர் இறுதிப் பந்தயம். கடைசி ஓரத்து வரிசை அவருக்குக் கிடைத்தது. அவ்வரிசையில் ஓடுபவருக்கு வளைவுகளில் மற்றவர் கண்ணுக்குப் புலப்படார், ஆதலால் அளவறிந்து ஓடுதல் அரிது. 400 மீட்டரை முதற்பாதியில் அடங்கி ஓடிப் பிற்பாதியில் விரைவதே அக்காலத்து முறை. லிடெலோ குறுந்தூர ஓட்டம்போல் முதலடியிலிருந்தே முழுவேகத்தில் ஓடினார். பாதி வழியில் சோர்ந்து வீழ்வார் எனப் பலர் எண்ணினர். தலை பின்னே சாய்ந்தது, கைகள் சுழன்றன, வேகம் குறையவில்லை. 47.6 விநாடியில் முடித்து, அமெரிக்க வீரர் ஹொரேஷியோ ஃபிட்ச் என்பவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். 1932 வரை ஒலிம்பிக் சாதனையாக நின்றது அது.

ஆறு நாள் கழித்து எடின்பரோவில் பட்டமளிப்பு விழா. வீரர்க்குக் கிரேக்கர் சூட்டிய மாலையை ஒத்த இலைமுடியொன்றை சர்வகலாசாலைத் தலைவர் சர் ஆல்ஃபிரெட் யூயிங் அவருக்குச் சூட்டினார். மாணவர்கள் அவரைத் தோளிற் சுமந்து வீதிவழியே சென்றனர்.

சீனதேசம்

அடுத்த ஒலிம்பிக்கிலும் ஓடுவார், செல்வரும் சீமானுமாய் வாழ்வார் என்று பலர் கருதினர். அவரோ ஓராண்டு வேதசாஸ்திரம் பயின்று, 1925ஆம் ஆண்டு கோடையில், தாம் பிறந்த டியன்ட்ஸினுக்கே உபாத்தியாயராகப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று. புறப்படுமுன் ஸ்காட்லாந்து போட்டிகளில் 100, 220, 440 கெஜ ஓட்டங்கள் மூன்றிலும் வென்றார். தளர்ந்த பின் களத்தை விடுவோர் பலர். இவர் முழு வலிமையோடு நிற்கும் பொழுதே விடைபெற்றார்.

டியன்ட்ஸினிலுள்ள ஆங்கிலோ-சீனக் கலாசாலையில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் விஞ்ஞானமும் விளையாட்டும் கற்பித்தார். 1932இல் குருப்பட்டம் பெற்றார். 1934இல் கனடா தேசத்து மிஷனெரியின் மகளாகிய ஃப்ளாரன்ஸ் மெக்கென்ஸி அம்மையாரை மணந்தார். இரண்டு பெண் மக்கள் பிறந்தனர். நகரத்து வீடு, நல்ல உத்தியோகம், இனிய குடும்பம் ஆகிய யாவும் அமைந்தன.

அந்நிலையில் சங்கத்தார் அவரை ஸியாவ்சாங்குக்குச் செல்லுமாறு கேட்டனர். தந்தையார் ஊழியம் செய்த கிராமம் அது. தமையனார் ராபர்ட் ஆங்கு மருத்துவராயிருந்தார். பஞ்சம் ஒருபுறம், ஜப்பானியப் படை ஒருபுறம், உள்நாட்டுச் சண்டை ஒருபுறமாக அந்நாடு வருந்திய காலம். மனைவி மக்களை நகரத்தில் விட்டு 1937ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தனியே சென்றார். கால்நடையாகவும் துவிசக்கர வண்டியிலும் ஊர் ஊராய்த் திரிந்தார். ஒருமுறை பாழ்ங்கோயிலொன்றிற் காயமுற்றுக் கிடந்த ஒருவனை வண்டியேற்றி வரும் வழியில், ஜப்பானியரின் வாள்வெட்டினால் கழுத்தறுபட்டும் உயிர் போகாத மற்றொருவனைப் பற்றிக் கேள்வியுற்று, அவனையும் ஏற்றிக்கொண்டு பல மைல் தூரம் மருத்துவமனைக்குக் கொணர்ந்தார். முன்னவன் இறந்தான். பின்னவன் பிழைத்தான். அவன் ஓர் ஓவியன். மலர் ஓவியமொன்றைத் தீட்டித் தன் நன்றியைக் காட்டினான்.

1941ஆம் ஆண்டில் யுத்தம் நெருங்கக் கண்டு, கர்ப்பவதியாயிருந்த மனைவியையும் மக்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாம் பெண் அவ்வாண்டு செப்டம்பரில் ஆங்குப் பிறந்தாள். அக்குழந்தையின் முகத்தை அவர் ஒருநாளும் கண்டிலர். ஆறு வயதில் தாம் பட்ட பிரிவைத் தம் மக்களுக்கும் வைக்கும்படி நேர்ந்ததே என்று அவர் உள்ளம் எவ்வளவு வருந்தியிருக்கும் என்பதை நாம் ஊகித்தே அறிதல் வேண்டும்.

சிறைமுகாம்

1943 மார்ச்சில் ஜப்பானியர் அவரையும் பிற அந்நியரையும் ஷான்டுங் மாகாணத்து வெய்ஷியன் முகாமில் அடைத்தனர். மதில் சூழ்ந்த பழைய மிஷன் வளாகத்தில் சுமார் 1500 பேர். உணவு குறைவு, இடம் நெருக்கடி. கற்றோரும், செல்வரும், போதகருமேயாயினும், பசியும் நெருக்கமும் சேர்ந்தவிடத்து மனிதர் சிறுமையடைவது இயல்பு. உணவைப் பதுக்கினாருமுளர். இடத்துக்காகச் சச்சரவிட்டாருமுளர்.

பெற்றோரைப் பிரிந்து பள்ளியோடு கொணரப்பட்ட மாணவ மாணவியர் பலர் அங்கிருந்தனர். அவர்களுக்கு லிடெல், எரிக் மாமா ஆனார். விஞ்ஞானம் கற்பித்தார். விளையாட்டுகளை ஏற்பாடு செய்தார். முதியோர்க்குத் தண்ணீர் சுமந்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைத் தம் படுக்கை விரிப்பைக் கிழித்துச் சுற்றிப் பசையிட்டுச் செப்பனிட்டார். குளிர்காலத்தில் காலணியின்றி வருந்திய மாணவன் ஒருவனுக்குத் தம் பழைய ஓட்டக் காலணிகளை ஈந்தார். சத்துருக்களுக்காக ஜெபிக்கும்படியும் கற்பித்தார். அம்மாணவன் பிற்காலத்தில் அச்சத்துருக்களின் தேசமாகிய ஜப்பானுக்கே ஊழியனாய்ச் சென்றான்.

முகாமிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு ஏற்பாடு செய்வதில்லை என்பது அவர் நியமம். இளைஞரோ செய்வதொன்றுமின்றிச் சலிப்புற்றனர். ஒரு ஞாயிறன்று நடுவரின்றித் தாமே ஹாக்கி ஆடத் தொடங்கினர். ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவர்கள் மீண்டும் மைதானத்துக்கு வந்தபோது, நடுவராக வந்து நின்றவர் எரிக் லிடெல்.

இந்நிகழ்ச்சியைச் சற்றே சிந்திப்போம். தேசம் முழுதும் வேண்டியும், பொற்பதக்கம் காத்திருந்தும் அவர் தளர்த்தாத நியமம் அது. தம் புகழுக்காக ஓரணுவும் விட்டுக்கொடாதவர், சில சிறுவர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாதிருத்தற்பொருட்டு அதனைத் தளர்த்தினார். கொள்கையிற் குறைந்தார் என்பாரும் இருக்கலாம். நாம் அங்ஙனம் கருதவில்லை. தம்பொருட்டு நியமத்தைத் தளர்த்துவது பலவீனம். பிறர்பொருட்டுத் தளர்த்துதற்கோ, அதனைக் காத்ததினும் அதிக வலிமை வேண்டும். ரக்பியையும், ஓட்டத்தையும், நகரத்து வாழ்வையும், மனைவி மக்களின் அண்மையையும் விட்டவர், கடைசியில் தமக்கு மிகவும் அருமையாயிருந்த ஒன்றையும் பிள்ளைகளுக்காக விட்டார். முன்னர் விட்டவை யாவும் இதற்குப் பயிற்சிபோலும்!

முடிவு

1945ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்குத் தலைவலி மிகுந்தது. வேலைப் பளுவாலும் மனச்சோர்வாலும் வந்தது என எண்ணினர். மூளையில் வளர்ந்திருந்த கட்டியே காரணம் என்பது இறந்த பின்னரே தெரிந்தது. பிப்ரவரி 21ஆம் நாள் மனைவிக்கு ஒரு சிறு கடிதம் எழுதுவித்தார். அன்று மாலையே உயிர் நீத்தார். வயது நாற்பத்து மூன்று. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டு 17ஆம் நாள், அமெரிக்க வீரர் வானிலிருந்து குதித்து முகாமை விடுவித்தனர். 1991இல் எடின்பரோ சர்வகலாசாலையார் ஸ்காட்லாந்தின் கருங்கல்லில் ஒரு நினைவுக்கல் செதுக்குவித்து அவ்விடத்தில் நாட்டினர்.

மாணவ நண்பர்களே! நம் கலாசாலை மைதானத்தில் ஓடுவோரெல்லாரும் ஒலிம்பிக் செல்லப்போவதில்லை. சிறைமுகாமில் அடைபடும் விதியும் நமக்கு வாராதிருக்கட்டும். ஆயினும் பெற்றதை எப்பொழுது விடுவது என்னும் வினா ஒவ்வொருவர் முன்னும் ஒருநாள் வந்தே தீரும். கேடயமும் கோப்பையும் கலாசாலைக் கூடத்தின் அலமாரியில் இருக்கும். அவற்றை வென்ற கைகள் அதற்குப் பின் யாருக்காகத் தண்ணீர் சுமந்தன என்பதை எந்த அலமாரியும் காட்டாது. அதையும் கேட்டு அறிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்குமாயின், எரிக் லிடெலின் சரித்திரத்தைப் படித்தது வீண்போகாது.